மருந்துக் கடை மேசையில் நடக்கும் விவசாயப் போதனை

நானுஓயா என்றதும் புகையிரத நிலையமும் தேயிலை மலைகளுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ரதல்ல, டெஸ்போர்ட், சமர்செட் எனத் தோட்டங்கள் தொடரும் இப்பிரதேசத்தின் பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் லயன்களின் பின்புறத்திலும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் உருளைக்கிழங்கும் பாத்தி பாத்தியாக விளைகின்றன. தேயிலைக் கொழுந்தின் நாட்சம்பளம் போதாமற்போன குடும்பங்கள் பலவற்றுக்கு இது உபதொழிலன்று; அடுப்பெரிவதே இதனாற்றான். இம்மக்களுக்கு விவசாய ஆலோசனை வழங்குபவர் யார் என்ற வினாவை எழுப்புவோமாயின், கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. பெரும்பாலும் அது உரமும் கிருமிநாசினியும் விற்கும் கடைதான்.

கடைக்காரரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. தமிழரும் முஸ்லிம்களுமான வர்த்தகர் பலர், அறுவடை வரையில் கடனுக்கு உரம் கொடுத்து இச்சிறு விவசாயிகளைத் தாங்கி நிற்கின்றனர். வங்கி வாசலுக்குப் போக முடியாதவனுக்கு அவர்களே வங்கி. எனினும் மருந்தை விற்பவரிடமே நோயையும் கேட்டறிய நேரும்போது, "இம்முறை மருந்து தேவையில்லை" என்ற பதில் கிடைப்பது அரிது. கடன்பட்டவன் எதிர்க்கேள்வி கேட்பதும் அரிது.

இதன் விளைவை மண்ணிலே காணலாம். மலைநாட்டு மரக்கறி நிலங்களில் பொஸ்பரசு தேவைக்கு மிஞ்சித் தேங்கியிருப்பதை மண் ஆய்வாளர்கள் நீண்டகாலமாகவே எடுத்துரைத்து வருகின்றனர். பொஸ்பரசு இலகுவில் கரைந்து போவதில்லை, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சென்ற போகத்தில் இட்டதன் மிச்சம் நிலத்தில் இருக்கையில், இப்போகத்திலும் மூட்டை குறையாமல் டீ.எஸ்.பி. இடுபவர் பணத்தைப் புதைக்கின்றார் என்றே சொல்ல வேண்டும். மறுபுறத்தில், கோவாவின் வேர்கள் வீங்கிச் செடி வாடும் நோய்க்கு மருந்தடிப்பதைவிட, மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்பிட்டுத் தணிப்பதும் பயிரை மாற்றி நடுவதுமே பயன் தரும். சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடித்தால் மழை மண்ணை அள்ளிச் செல்வது குறையும். மேலிருந்து கீழாகப் பிடித்தால் இட்ட உரமும் சேர்ந்து நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து கொத்மலை ஓயாவுக்குப் போய்விடும். இவை பெரிய விஞ்ஞானமல்ல. ஒருவர் வயலுக்கு வந்து தமிழில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய விடயங்களே.

அப்படிச் சொல்லக்கூடிய அறிவும் தொலைவில் இல்லை. விவசாயத் திணைக்களத்தின் சீதாஎலிய ஆராய்ச்சி நிலையம் நுவரெலியாவுக்கு அப்பால் சிறிது தூரத்திலேயே இருக்கின்றது. அங்கிருந்து அறிவு லயனுக்கு இறங்கி வரும் வழிதான் அடைபட்டுள்ளது. 1989இல், கிராம மட்டத்தில் விவசாயிகளைச் சந்தித்து வந்த 2,000க்கும் மேற்பட்ட விரிவாக்க ஊழியர்கள் கிராம சேவையாளர்களாக மாற்றப்பட்டபோது, நாடெங்கும் அந்த வழி குறுகியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் விவசாய விரிவாக்கம் பெரிதும் மாகாணங்களிடம் சென்றது. ஆராய்ச்சி மத்தியிலேயே தங்கிவிட்டது. ஆராய்பவர் ஒரு நிர்வாகத்திலும் போதிப்பவர் இன்னொரு நிர்வாகத்திலுமாக நிற்கின்றனர்.

இது நாட்டு விவசாயிகள் அனைவருக்கும் பொதுவான குறை. மலையகத் தமிழ் விவசாயிக்கோ இதற்கு மேலும் இரு தடைகள் உண்டு. முதலாவது மொழி. நுவரெலியா பிரதேச செயலகப் பிரிவு 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் தமிழில் பேசக்கூடிய விவசாயப் போதனாசிரியரைத் தேடியலையும் நிலை நீங்கவில்லை. இரண்டாவது காணி. 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்டு, 1992இல் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குக் கையளிக்கப்பட்ட தோட்டக் காணியில், தலைமுறை தலைமுறையாகப் பயிரிடுபவரிடம் உறுதி இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழான பதிவேடுகளும் கமக்கார அமைப்புகளும் கிராமத்தை மனதிற்கொண்டு அமைந்தவை, லயனை அல்ல. பதிவில் இல்லாதவன் மானியக் கணக்கில் இல்லை. பயிற்சிக்கு அழைக்கப்படுவோர் பட்டியலிலும் அவன் பெயர் ஏறுவது கடினம்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டபோது இந்த இடைவெளி அப்பட்டமாக வெளிப்பட்டது. அதிகமாக உரமிட்டவனுக்கு எவ்வளவு குறைக்கலாமென்று முன்னர் எவரும் சொல்லவில்லை. திடீரென உரமே இல்லாதபோது என்ன செய்வதென்றும் எவரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஏறிய விலை மட்டும் கீழிறங்கவில்லை. உரத்தின் பெறுமதியை அன்று கசப்புடன் அறிந்த விவசாயி, அளவறிந்து இடுவதற்கு இன்று மனதளவில் ஆயத்தமாகவே இருக்கின்றான் என்று நாம் கருதுகின்றோம். கற்றுக்கொடுப்பவர் வர வேண்டியதுதான் பாக்கி. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயல் மலைச்சரிவுகளை உடைத்துக் கொட்டியதன் பின்னர், எந்தச் சரிவில் பயிரிடலாம், எதைப் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிட வேண்டும் என்ற ஆலோசனையும் இதனோடு சேர்ந்துகொண்டுள்ளது. அது உயிரோடு சம்பந்தப்பட்ட ஆலோசனை.

எனவே காணி உறுதியை அன்றி, பயிர்ச்செய்கையையே ஆதாரமாகக் கொண்டு தோட்டப்புற விவசாயிகளைப் பதிவு செய்யுமாறு நாம் வலியுறுத்துகின்றோம். காணியுரிமைப் பிரச்சினை தீரும்வரை இதனை ஒத்திவைக்கத் தேவையில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் சேவையாற்றத் தடையாயிருந்த சட்டப்பிரிவு 2018இல் திருத்தப்பட முடிந்ததெனில், ஒரு பதிவுப் படிவத்தைத் திருத்த முடியாதா? நானுஓயா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளின் போதனாசிரியர் வெற்றிடங்களுக்குத் தோட்டங்களிலிருந்தே கற்று வந்த இளைஞர், யுவதிகளை நியமிக்கலாம். நடுகைக்கு முன்னர் மண் பரிசோதனைக் குழுவொன்று தோட்டத்துக்கே சென்று மாதிரி எடுத்து, முடிவைத் தமிழில் ஒரு தாளில் கொடுக்கலாம். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் லயன்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களேனும் விசாரித்துப் பார்க்கட்டும்.

இக்கோரிக்கையை எங்கே கொண்டு செல்வது என்பதிலும் சிக்கல் உண்டு. விரிவாக்கத்துக்குப் பொறுப்பான மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது; அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படாமல், ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்து வந்தது. நானுஓயா விவசாயி தன் பாத்தியைக் காட்டிக் கேள்வி கேட்பதற்கு மாகாண சபை உறுப்பினர் ஒருவரேனும் இல்லாத நிலையில், மலையகக் கட்சிகளின் பாராளுமன்ற உறுப்பினர்கள் மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் இதனை எழுப்பி, வெற்றிடங்களின் எண்ணிக்கையை எழுத்தில் பெற வேண்டும்.