கடிகாரம் முந்துகிறது, உறக்கத்தை விட்டுக்கொடுக்கலாமா?

தேர்வு நெருங்கினால் மாணவர்கள் அடிக்கடி சொல்வது, "நேரம் போதவில்லை". அதற்குப் பலரும் தரும் மருந்து, "தூக்கத்தைக் குறை" என்பது. கெடா மாணவர்கள் இந்த அறிவுரையை ஏற்பதற்கு முன் சுவரில் தொங்கும் கடிகாரத்தைச் சற்றே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

கோலா கெடாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி 12 ஆகாது, சராசரியாக 1.20 ஆகியிருக்கும். மலேசிய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி முந்தியது. கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம் அது. கோலா கெடாவோ ஏறக்குறைய 100 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 20 பாகைக்கு 80 நிமிடம். நம் கடிகாரம் சூரியனை அவ்வளவு முந்தி ஓடுகிறது.

முன்பு இந்த இடைவெளி குறைவாகவே இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்தைப் பின்பற்றுவதற்காக, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. நாட்டின் ஒருமைக்கு அது தேவைப்பட்டது. ஆனால் கடிகாரத்தைத் திருப்பியதால் சூரியன் முன்கூட்டியே உதிக்கவில்லை. பிப்ரவரி மாதத்தில் இங்கே 7.30 மணிக்குப் பிறகே பொழுது விடிகிறது. அதற்குள் பல மாணவர்கள் வகுப்பறையில் அமர்ந்துவிடுகிறார்கள்.

"அந்தக் காலத்தில் தோட்டத்தில் நாங்கள் இருட்டிலேயே எழவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடந்தது. வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால், பால்வெட்டுக்கு அதிகாலையே ஏற்றது. அது சுகமான வாழ்க்கை அல்ல. ஆயினும் அன்று லயத்து வீடுகளில் இரவு சீக்கிரமே அடங்கியது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலையை மட்டும் கொடுத்துவிட்டு, அந்த இரவைப் பறித்துக்கொண்டோம். டியூசன் முடிந்து வீடு திரும்பவே இரவாகிறது. வீட்டுப்பாடம், பிறகு கைப்பேசி.

உடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பருவ வயதில் இந்தக் கடிகாரம் இயல்பாகவே தாமதமாகி, இரவில் உறக்கம் பிந்தி வருகிறது. அதைச் சோம்பல் என்று பழிப்பது தவறு. 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை நினைவில் பதியவைப்பதும் உறக்கத்தில்தான். ஆகவே தூக்கத்தை வெட்டிப் படிப்பவர், படித்ததையே வெட்டிவிடுகிறார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இடைநிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று 2014இல் பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது. இங்கும் கல்வி அதிகாரிகள் இதைப் பேசத் தொடங்கலாம். பள்ளிப் பேருந்து, பெற்றோரின் வேலை நேரம், மாலை வகுப்பு என்று சிக்கல்கள் உண்டு. ஆனால் பேசாமல் எதுவும் மாறாது.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். காலை 6 மணிக்கு எழ வேண்டியவர் இரவு 10 மணிக்குள் படுக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். எழுந்ததும் காலை வெளிச்சத்தில் சிறிது நடங்கள், உடற்கடிகாரம் சீராகும். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதற்காக நண்பகல்வரை தூங்கினால் ஞாயிறு காலை பாடாய்ப் படுத்தும். விடுதியில் தங்கிப் பயிலும் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களை எழுப்ப யாரும் இல்லை. அவர்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் அவசியம்.

பெற்றோரும் டியூசன் ஆசிரியர்களும் இரவு வகுப்புகளைச் சற்று முன்னதாக முடிக்க உதவலாம். மாணவர்களே, கால அட்டவணை போடும்போது உறங்கும் நேரத்தை முதலில் எழுதுங்கள். பாடங்களை அதன் பிறகு நிரப்புங்கள்.