பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன?

சட்டென்று பதில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்!

சென்னை பெருத்துவிட்டது. 174 சதுர கிலோ மீட்டராக இருந்த மாநகராட்சி, 2011-ல் 426 சதுர கிலோ மீட்டர் ஆனது. அம்பத்தூர், மாதவரம், சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்கள் இந்தப் பக்கம் குடிபோகின்றன. போய் மூணு வருஷம் ஆனவரை விசாரித்துப் பாருங்கள். "இங்கே யாரையும் தெரியாதுங்க" என்பார்.

சின்னப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஒரு பென்சில் கடன் கொடுத்தால் போதும், சினேகிதம்! நாற்பது வயசு ஆள் என்ன செய்வார்? "வாங்க, பழகலாம்" என்று கதவைத் தட்ட முடியுமா? தட்டினால், "சீட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கானோ" என்றுதான் பார்ப்பார்கள்!

ஒரே முகத்தை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பத்து நாள் பார்த்தால் பதினோராம் நாள் தலை தானாக அசையும். பிறகு ஒருநாள், "என்னங்க, நேத்து ஆளையே காணோம்?" என்று வரும். இதற்கு ஓர் இடம் வேண்டும். பழைய சென்னையில் அது இருந்தது. டீக்கடை பெஞ்சு, படிப்பகம், முடிதிருத்தும் கடை, கேரம் கிளப், குழாயடி. குழாயடியில் குடத்தைத் தூக்கிச் சண்டை போட்ட அதே அம்மாதான், நடுராத்திரியில் பிரசவ வலி என்றால் ஆட்டோ பிடிக்க ஓடுவார்.

அந்த இடம் பறிபோனால் என்ன ஆகும்? கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தால் தெரியும். நகரத்தின் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள், கூவம், அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள் ஏராளம். கான்கிரீட் வீடு கிடைத்தது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் குலுக்கலில் வீடு ஒதுக்கினால், பத்து அடி தூரத்தில் இருந்த எதிர்வீட்டு ஆயா எங்கோ ஒரு பிளாக்கில், எங்கோ ஒரு மாடியில்! வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அந்த ஆயாதான். இனி யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? புது இடத்தில் ஒரு சினேகிதி கிடைக்கிற வரை அவளுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

இடம் கிடைத்தால் அதே ஊர் என்ன செய்யும் என்பதையும் பார்த்தோம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண்! கபடியில் களத்தில் நிற்பவர்கள் 14 பேர்தான். சுற்றி நின்று கத்துகிற அப்பா, அம்மா, சித்தப்பாக்களை எண்ணிப் பாருங்கள். அங்கேதான் பெரியவர்களும் பழகுகிறார்கள்.

வடசென்னையின் கேரம் போர்டும் இப்படித்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, ஓர் ஆட்டோ டிரைவரின் மகள். பயிற்சி கொடுத்ததும் அப்பாதான். ஒரு பலகை, நாலு ஸ்டூல், ஒரு லைட். இதற்கு மேல் என்ன செலவு?

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வாங்குகிறார்கள். 1948-லேயே இதற்குச் சட்டம் போட்ட மாநிலம் இது! பெரிய மனைப் பிரிவு போட்டால் 10 சதவீத நிலத்தைப் பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம். உங்கள் பேட்டையில் அந்த நிலம் பூங்காவாக இருக்கிறதா, முள்ளுச்செடியும் குப்பையுமாகக் கிடக்கிறதா? பூங்கா என்றால் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? வேலை முடிந்து பஸ் பிடித்து எட்டரைக்கு வந்து சேருகிறவர், பூட்டிய கேட்டோடா பழகுவார்?

பெரிய அபார்ட்மெண்ட்காரர்களுக்குக் கிளப் ஹவுஸ் இருக்கிறது. அவர்கள் பாடு அவர்களுக்கு. பெண்கள் விஷயம்தான் மோசம். ஆணுக்காவது டீக்கடை உண்டு. அந்த பெஞ்சில் ஒரு பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படித்தால் இந்த ஊர் சும்மா இருக்குமா?

ஆகவே கேட்கிறோம். கிளை நூலகங்களின் பத்திரிகை அறையை இரவு 9 மணி வரை திறந்து வையுங்கள். குடியிருப்பு பிளாக்குகளில் தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி, சாவியை அங்கிருக்கும் பெண்களிடமே கொடுங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு இன்னொன்று. ஒரு தெருவில் இருந்தவர்களுக்கு ஒரே பிளாக்கில், அடுத்தடுத்து வீடு கொடுங்கள். அடுத்த குலுக்கலுக்கு முன்னாலேயே இந்த உத்தரவு வர வேண்டும்.