சுபாவம் என்னும் முத்திரை

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்து மருத்துவமனைகளில் நோயாளியை அழைத்து வருவோர் மருத்துவரிடம் முதலில் கூறுவது பல வேளைகளில் நோயாளியின் சுபாவத்தைத்தான். "அப்பா முன்கோபக்காரர், அதனால்தான் நெஞ்சுவலி." "அம்மா எதையும் வெளியே சொல்லாமல் மனத்திற்குள்ளேயே வைத்துப் புழுங்குவார், அதுவே கட்டியாகிவிட்டது." "இவர் வாயைக் கட்டத் தெரியாதவர். சர்க்கரை எப்படிக் குறையும்?" இச்சொற்கள் அன்பினால் பிறப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவை ஒவ்வொன்றிலும் நோய்க்கு நோயாளியே காரணம் என்னும் தீர்ப்பு மறைந்துள்ளது. படுக்கையில் இருப்பவர் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மனிதரை வகை பிரித்து முத்திரையிடும் இப்பழக்கத்தை, நோயுற்றோர் திறத்திலேனும் நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வகை பிரிக்கும் ஆர்வம் மிகப் பழையது. கிரேக்க மருத்துவம் உடலில் நான்கு நீர்மங்களைக் கண்டு, அவற்றின் மிகுதியால் மனிதரின் மனப்போக்கு அமைவதாகக் கூறியது. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என உடல் இயல்புகளை வகுத்தது. ராசியையும் நட்சத்திரத்தையும் கொண்டு குணம் கூறுவது இன்றும் நம் வீடுகளில் இயல்பான பேச்சு. 1921-இல் சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் கார்ல் யுங் உளவியல் வகைகளைப் பற்றி நூல் எழுதினார். அதனை அடியொற்றி அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்பவரும் அவர்தம் மகள் இசபெல் மையர்ஸும் மனிதரை 16 வகையாகப் பிரிக்கும் வினாத்தாளை உருவாக்கினர். இன்று நிறுவனப் பயிற்சி வகுப்புகளிலும் கைப்பேசிகளிலும் வழங்குவது அதுவும் அதன் வழித்தோன்றல்களுமே. ஆனால் அதே நபர் சில வாரங்கள் கழித்து அதே வினாக்களுக்கு மீண்டும் விடையளிக்கும்போது, கணிசமானோர் வேறொரு வகையில் சேர்ந்துவிடுகின்றனர். சில வாரங்களில் மாறிவிடும் ஒன்றை ஒருவரின் மாறாத அடையாளமாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

இவ்வளவில் இது பொழுதுபோக்கு எனலாம். மருத்துவத்திற்குள் நுழைந்தபோதுதான் இதன் விளைவு கடுமையாயிற்று. 1950-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து இதயநோய் மருத்துவர்களான மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் ஆகிய இருவரும், எப்போதும் அவசரமும் போட்டியுணர்ச்சியும் சினமும் மிக்கோரை 'ஏ' வகையினர் என்றழைத்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை அவர்கள் எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அவ்வகையினருக்கு இதயநோய் ஏறத்தாழ இரு மடங்கு வந்ததாகக் கண்டனர். உலகமெங்கும் இச்செய்தி பரவிற்று. புகையிலை நிறுவனங்களும் இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் வழங்கின. பழி சிகரெட்டிலிருந்து சுபாவத்தின்மேல் திரும்பினால் அவற்றுக்கு ஆதாயம் அல்லவா? பின்னர், அதே மனிதர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1988-இல் வெளிவந்தது. அவர்களுள் இதயநோய் கண்டவர்களைப் பார்த்தபோது, 'ஏ' வகையினர் மற்றவரைவிடக் குறைவாகவே அந்நோயால் இறந்திருந்தனர். அடங்காத பகையுணர்ச்சிக்கும் இதயத்திற்கும் ஓரளவு தொடர்பு இருக்கலாம் எனச் சில ஆய்வுகள் கூறுவது உண்மையே. ஆயினும் புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய நான்கையும் விட்டுவிட்டுக் கோபத்தைக் குற்றவாளியாக்குவது நோயாளிக்கு இழைக்கும் அநீதியாகும்.

புற்றுநோய் பற்றிய நம்பிக்கை இதனினும் கொடியது. துயரை உள்ளடக்கும் இயல்பினருக்கு அந்நோய் வரும் என்று ஒரு காலத்தில் அறிஞர் சிலரே எழுதினர். இலண்டனில் புகழ்பெற்றிருந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் இவ்வாறு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளை, அவர் பணியாற்றிய கல்லூரியே 2019-இல் விசாரித்து, அவற்றுள் 26 நம்பத்தக்கவை அல்ல என அறிவித்தது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஏறத்தாழ 60,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து, 2010-இல் வெளிவந்த ஆய்வு, ஆளுமை இயல்புகளுக்கும் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பு காணவில்லை. ஆகவே, "மனத்திலேயே வைத்திருந்ததால் வந்தது" என்று மார்பகப் புற்றுநோயுற்ற ஒரு தாயிடம் இனி எவரும் கூறலாகாது. அவர் சுமப்பது போதும்.

அப்படியாயின் சுபாவம் என ஒன்றும் இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. இன்றைய உளவியலாளர் பலர் அதனைப் பெட்டிகளாகப் பிரிப்பதை விடுத்து அளவுகளாகக் காண்கின்றனர். பதற்றம், ஒழுங்கு, பழகும் விருப்பம் முதலியவை எல்லாரிடமும் உள்ளன. ஒருவரிடம் கூடுதலாகவும் ஒருவரிடம் குறைவாகவும் இருக்கின்றன. வயது ஏற ஏற அவை மெல்ல மாறவும் செய்கின்றன. இக்கருத்து நமக்குப் புதியதன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவன் கருத வேண்டியவற்றைக் கூறுமிடத்து, நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயற்படச் சொல்கிறது. வள்ளுவர் ஆண்ட சொல் 'அளவு'. வலி எவ்வளவு என்று பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேட்கும் செவிலியர் செய்வதும் அதே பணிதான்.

முத்திரையினால் விளையும் தீங்கு மூன்று வகையில் வெளிப்படும்.

முதலாவது, முத்திரை நோய்க்குறியை மறைத்துவிடும். இரவுப் பணி முடித்து நூற்பாலையிலிருந்து வருபவரும், சத்திரப்பட்டியில் நாள்முழுதும் மருத்துவத் துணி நெய்பவரும் 'பொறுமைசாலிகள்' எனப் பெயரெடுத்தவர்கள். அப்பெயரைக் காப்பாற்றவே வலியைக் குறைத்துச் சொல்வார்கள். மறுபுறம், 'எதற்கெடுத்தாலும் பயப்படுபவர்' என்று பெயர்பெற்ற பெண்மணிக்கு மூச்சுத்திணறலும் வியர்வையும் மேல்வயிற்றில் இறுக்கமும் வந்தால், வீட்டார் அதனைப் பதற்றம் என்றோ வாயுத்தொல்லை என்றோ கூறி, ஒரு சோடாவைக் கொடுத்துப் படுக்கவைப்பர். பெண்களுக்கும் முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு கடுமையான நெஞ்சுவலி இல்லாமலும் வரக்கூடும். பயந்த சுபாவம் உடையவருக்கும் மாரடைப்பு வரும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, முத்திரை மாற்றத்தைக் காணவிடாது. எப்போதும் சாந்தமாக இருந்த முதியவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ காய்ச்சலின்போதோ, திடீரென இரவில் கத்துகிறார்; ஊசிக்குழாயைப் பிடுங்குகிறார்; மகளை அடையாளம் தெரியாமல் விழிக்கிறார். "வயதானால் இப்படித்தான், பிடிவாதம்" என்பர். இது சுபாவமன்று, பித்து பிடித்ததும் அன்று. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, நீரிழப்பு, புதிய மருந்து போன்ற காரணங்களால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மூளையில் நேரும் குழப்பம் இது. காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். கத்தாமல் சோர்ந்து மயங்கிக் கிடப்பதும் இதன் வேறொரு வடிவமே. அதுவே எளிதில் கண்ணுக்குத் தப்புவது. அவ்வாறே 'சோம்பேறி' எனப்படும் மருமகளுக்கு இரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருக்கலாம். 'யாரிடமும் பேசாதவர்' ஆகிவிட்ட மாமனாருக்கு மனச்சோர்வு நோயோ காது கேளாமையோ இருக்கலாம்.

பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற நம் ஊரில், 'வாய்க்கட்டு இல்லாதவர்' என்னும் பெயர் சர்க்கரை நோயாளி எவரையும் விடுவதில்லை. வாய்க்கட்டு தேவைதான். ஆனால் அப்பெயரைச் சூட்டியதும் தேடல் நின்றுவிடுகிறது. பணி நேரம் வாரந்தோறும் மாறுவதால் உணவும் மாத்திரையும் முறைமாறின என்பதையோ, இன்சுலின் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் போடப்படுகிறது என்பதையோ, காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது என்பதையோ எவரும் கேட்பதில்லை. மனவுறுதியைப் பழிப்பதைவிட, ஏழு நாளுக்குரிய மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கித் தருவது கூடுதல் பயன் தரும்.

மூன்றாவதே மிக நுட்பமானது. "உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டார், அவர் சுபாவம் அப்படி" என்று கூறி, நோயின் பெயரையே நோயாளியிடமிருந்து மறைத்துவிடுகிறோம். இதன் பின்னுள்ள பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சன்னல் பக்கம் நின்று மெல்லப் பேசும் பிள்ளைகளையும், அழுத கண்ணுடன் சிரிக்கும் மனைவியையும் பார்த்துப் பல நோயாளிகள் தாமே உணர்ந்துவிடுகின்றனர். அதன்பின் அவர்கள் தனியே அஞ்சுகின்றனர். நிலப் பத்திரம், மகளின் திருமணம், காண விரும்பும் உடன்பிறந்தார் ஆகியவை பற்றிப் பேச வழியின்றிப் போகிறது. எல்லா நோயாளியும் எல்லாவற்றையும் அறிந்தே தீர வேண்டும் என்பதும் சரியன்று. அறிய விரும்பாதிருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. அதனை ஊகிப்பதற்கு மாறாகக் கேட்டுவிடலாம். "அப்பா, டாக்டர் சொல்வதை நீங்களே நேரில் கேட்கிறீர்களா, எங்களிடம் சொன்னால் போதுமா?" இவ்வளவுதான். அவர் தரும் விடை, முப்பதாண்டுகள் உடன் வாழ்ந்தவரையும் வியப்பில் ஆழ்த்தக்கூடும்.

அதே அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என நான்கையும் சேர்த்தே மருந்து என வகுக்கிறது. அந்த நான்காம் கூறு நீங்கள்தாம். மருத்துவர் ஒரு நாளில் நோயாளியைச் சில நிமிடங்களே காண்கிறார். நீங்கள் இரவும் பகலும் காண்கிறீர்கள். ஆதலால் உங்கள் சொல்லுக்குப் பெருமதிப்பு உண்டு. "இவர் எப்போதுமே இப்படித்தான்" என்பதற்கு மாறாக, "செவ்வாய்க்கிழமை வரை தாமே எழுந்து நடந்தார், நேற்றிரவு மூன்று முறை எந்த ஊர் என்று கேட்டார், காலையில் இரண்டு இட்லியில் ஒன்றையும் முடிக்கவில்லை" என்று கூறுங்கள். எப்போது தொடங்கிற்று, எவ்வளவு இருக்கிறது, முன்னைக்கு இப்போது என்ன மாறியுள்ளது, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது என்னும் நான்கையும் ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்தால் மேலும் நன்று. வார்டுக்கு மருத்துவர் வரும் நேரத்தில் அந்த நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.