மலைக்கு என்ன நிறம்?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு, சகோதரிகளே. “தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்” என்பார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். மலைதான் இன்னும் மொட்டையாக நிற்கிறது. எங்கள் கணியம்பாடியில் வடாம் பிழிய மாடிக்கு ஏறினால் இரண்டு வகையும் கண்ணில் படும். ஒரு பக்கம் அமிர்திக் காட்டோடு ஜவ்வாது மலை. மறுபக்கம் வேலூரை நோக்கி வெறும் பாறைக் குன்றுகள்.

“மொட்டை மலையில் பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்பவர்களைப் பெங்களூருக்கு அழைத்துப் போக வேண்டும் என்று தோன்றும். அங்கே கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் நிக்கோலஸ் ரோரிக் என்பவரின் ஓவியங்களை வைத்திருக்கிறார்கள். ஒரு புல்லோ செடியோ இல்லாத மலைகள்! ஆனால் அவற்றின் முன்னால் நின்றால் கால் நகர மறுக்கிறது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சிகரம், கருநீலத்தில் ஒரு சரிவு, பின்னால் மஞ்சள் கரைத்த மாதிரி வானம். ஏதோ ஒரு மூலையில் எறும்பு அளவில் ஒரு மனிதன்.

ரோரிக் நம் நாட்டில் பிறந்தவர் அல்ல. 1874-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1923-ல் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார். 1925-ல் காஷ்மீரிலிருந்து புறப்பட்டு லடாக், காரகோரம் கணவாய், மங்கோலியா, கோபிப் பாலைவனம், திபெத் என்று சுற்றி, 1928-ல் டார்ஜிலிங் பக்கம் திரும்பினார். கூடவே போனவர் அவர் மனைவி ஹெலனா. அப்போது அந்த அம்மாளுக்கு வயது 46. நாம் அந்த வயதில் திருப்பதி மலை ஏறவே முழங்காலைத் தடவிப் பார்க்கிறோம்! அவர் குதிரை மேல் பாலைவனத்தைக் கடந்தார். 1927 குளிர்காலத்தில் திபெத்து அதிகாரிகள் மேலே போக விடாமல் அவர்களைத் தடுத்துவிட்டார்கள். பனிக்காற்றில், மெல்லிய கூடாரங்களில், ஐந்து மாதம். உடன் வந்தவர்களில் சிலர் இறந்தார்கள். சுமை தூக்கிய மிருகங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்தப் பயணத்தில் பார்த்த மலைகளைத்தான் பிறகு ஆயுள் முழுக்க வரைந்தார்.

1928-ல் இமயமலைச் சாரலில், குலூ பள்ளத்தாக்கின் நக்கர் கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேறினார். 1947 டிசம்பரில் அங்கேயே காலமானார். அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1942-ல் நேருவும் இந்திராவும் அங்கே விருந்தாளிகளாகப் போய்த் தங்கியிருக்கிறார்கள். இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும்: அந்தக் காலத்து நட்சத்திரம் தேவிகா ராணி இவருடைய மருமகள்! இளைய மகன் ஸ்வெடோஸ்லாவை 1945-ல் மணந்துகொண்டு சினிமாவை விட்டு விலகினார். அவரும் ஓவியர்தான். இருவரும் பின்னாளில் பெங்களூர் அருகில் தோட்டம் வாங்கி வாழ்ந்தார்கள். பெங்களூருக்கும் ரோரிக் குடும்பத்துக்கும் உள்ள உறவு இதுதான்.

சரி, அங்கே மலைகள் ஏன் மொட்டை? மழை மேகத்தை இமயத்தின் தெற்குச் சுவரே தடுத்து வாங்கிக்கொள்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் லாஹுல், ஸ்பிதி, லடாக் எல்லாம் மழை எட்டாத குளிர்ப் பாலைவனம். லே நகரில் வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. மரம் இல்லாததால் பாறையின் சொந்த நிறம் தெரியும். இரும்புச் சத்துள்ள பாறை செம்மையாக இருக்கும். இதன் மேல் காலை வெயில் ஒரு நிறம், அந்தி வெயில் ஒரு நிறம் பூசும்.

அவர் எண்ணெய் வண்ணத்தை விட டெம்பரா முறையையே அதிகம் விரும்பினார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது கையில் ஒட்டாமல் இருக்கப் பசை கலக்கிறோமே, அந்த மாதிரி வண்ணப் பொடியைப் பசையோடு குழைத்துத் தீட்டுவது. பளபளப்பு இருக்காது. வெயில் காய்ந்த பாறைக்கு அந்த மங்கல்தான் பொருத்தம்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு இளம் தாய். அவள் மகள் இரண்டாம் வகுப்பு. குழந்தை மலையை ஊதாவாக வரைந்திருக்கிறாள். “மலை பச்சையாக இருக்கணும்” என்று டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டாராம். “கண்ணில் கோளாறோ அக்கா?” என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள் அந்தப் பெண். குழந்தைக்கு அதைவிட வருத்தம். கிரேயான் டப்பாவைத் தொடவே மாட்டேன் என்கிறாளாம். சாயங்காலம் தாயையும் மகளையும் மாடிக்கு அழைத்துப் போய் மலையைக் காட்டினேன். தாய் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஊதாவாத்தான் இருக்கு!” என்றாள்.

ஆம். தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவே மைல் கணக்கில் காற்று இருக்கிறது. அந்தக் காற்று வெளிச்சத்தில் உள்ள நீலத்தை அதிகமாகச் சிதறச் செய்கிறது. அதனால்தான் வானமும் நீலம், எட்டி நிற்கும் மலையும் நீலம். மலை தள்ளிப் போகப் போக நிறம் வெளுத்துக்கொண்டே போகும். அந்தக் குழந்தை கண்ணால் பார்த்ததை வரைந்தாள்.

கண்ணில் கோளாறு என்றால் அறிகுறிகள் வேறு. புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோவது, டி.வி.க்கு ஒட்டி உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, அடிக்கடி தலைவலி என்பது. இவை இருந்தால் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத நிறக்குருடு பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும். பெண் குழந்தைகளுக்கு அபூர்வம். பொதுவாகப் பிள்ளைகள் தினமும் வெளிச்சத்தில், வெட்டவெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் காக்க உதவுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மாடிக்கு அழைத்துப் போக அதுவும் ஒரு நல்ல காரணம்.

லீவில் பெங்களூர் போகிறவர்கள், கப்பன் பார்க்கோடு நிறுத்தாமல் சித்ரகலா பரிஷத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காட்பாடியில் விடியற்காலை ரயிலேறினால் இரவு வீடு திரும்பலாம். திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு, மிருகக்காட்சி சாலை வளாகத்திலேயே ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்தில் ரோரிக் படங்கள் உண்டு. திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாப் படத்தையும் பார்த்தே தீரவேண்டும் என்று குழந்தைகளை இழுக்காதீர்கள். ஐந்து படம் போதும். “இது என்ன?” என்று பரீட்சை வைக்காமல், “இது காலையா, சாயங்காலமா?” என்று கேளுங்கள். அவர்களே சொல்லுவார்கள், நாம் கவனிக்காத நிறத்தையும் சேர்த்து.

எங்கும் போக முடியாதவர்களுக்கு நம் மொட்டை மலை இருக்கிறது, டிக்கெட் கிடையாது. துணி எடுக்க மாடிக்குப் போகும்போது அதை ஐந்து நிமிஷம் பாருங்கள். என்ன நிறம் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்களேன்.