ஃப்ளோர்ல 'இன்'னா 'ஆன்'னா... அதுவா இப்ப பிரச்சினை?

டிஸ்கி: இங்கிலீஷ் வகுப்பு மாதிரி ஆரம்பிக்கும். பயப்படாதீங்க மக்களே, நடுவுல சண்டைக்குப் போயிடும்.

முன்னாடி நான் குப்பை கொட்டிய ஆபீஸ்ல, வாரம் ஒருநாள் இங்கிலீஷ் பேசக் கத்துக்கொடுக்க ஒருத்தர் வருவார். ஒருநாள் கீழ இருந்த செக்யூரிட்டி அண்ணன் அவரைப் பார்த்து, "சார், மீட்டிங் இன் தி தேர்டு ஃப்ளோர். கோ டு அப்ஸ்டேர்ஸ்"னு சொல்லிட்டார். அன்னிக்கு வகுப்பு பூரா அதுதான் ஜோக். "ஃப்ளோருக்குள்ள எப்படிப்பா மீட்டிங் நடத்துவீங்க? சிமெண்ட்டை உடைச்சிட்டா?" எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன், மறைக்கலை.

விதி என்னவோ சரிதான். ஃப்ளோருக்கு 'ஆன்'தான் வரும். 'ஐ லிவ் ஆன் தி தேர்டு ஃப்ளோர்', 'தி கேன்டீன் இஸ் ஆன் தி செகண்ட் ஃப்ளோர்'. அப்ஸ்டேர்ஸுக்கு முன்னாடி 'டு' வேண்டாம். 'கோ ஹோம்'னு சொல்ற மாதிரி 'கோ அப்ஸ்டேர்ஸ்', அவ்வளவுதான். போற திசை அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு. தெரியாதவங்க தெரிஞ்சுக்கலாம், தப்பில்லை.

ஆனா அந்த அண்ணன் ஏன் அப்படிச் சொன்னார்னு யாராவது யோசிச்சோமா? நமக்கு 'மாடியில்', 'மாடிக்கு'. பஸ்ஸில், காரில், மேஜையில், ஊரில்னு எல்லாத்துக்கும் ஒரே 'இல்'. அதை இங்கிலீஷுக்கு எடுத்துட்டுப் போனா 'இன்' வருது. 'மாடிக்கு'ல இருக்கற 'கு'தான் அங்க 'டு' ஆகுது. அதாவது மனுஷன் உளறலை, தமிழ் இலக்கணத்தைச் சுத்தமா கடைப்பிடிச்சிருக்கார்!

அப்புறம் அந்த சிமெண்ட் ஜோக். இங்கிலீஷ்காரன் காருக்கு 'இன்' போடுவான், பஸ்ஸுக்கு 'ஆன்' போடுவான். வாத்தியார் கணக்குப்படி 'ஆன் தி பஸ்'னா பஸ் கூரை மேல உட்கார்ந்து போறதா? அது பழக்கம் சார், தர்க்கம் இல்லை. பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்க, வேண்டாம்கலை. தர்க்கம்னு சொல்லி ஒருத்தரைச் சிரிப்புப் பொருளாக்காதீங்க.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். அந்த ஆபீஸோட தலைமை அமெரிக்காவுல. தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு அங்கிருந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சு. எங்க கட்டிடத்துல படிக்கட்டுக்குப் படிக்கட்டு ஒட்டினாங்க. வெளியேறும் வழி 'ஆன் தி ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. பாருங்க, 'ஆன்'! இலக்கணத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாது. நம்ம வாத்தியார் பார்த்திருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பார்.

அமெரிக்காவுல தரைத்தளம்தான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். அதுக்கு மேல இருக்கறது செகண்ட். பிரிட்டன்ல தரை கிரவுண்ட் ஃப்ளோர், அதுக்கு மேலதான் ஃபர்ஸ்ட். நமக்கும் பிரிட்டிஷ் வழக்கம்தான், லிஃப்ட்லயும் கீழ 'ஜி'ன்னு பட்டன் இருக்கும். அமெரிக்க லிஃப்ட்ல வெளிய போற தளத்தோட பட்டன் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருப்பாங்க, அது ஒரு நல்ல பழக்கம். சிங்கப்பூர் அடுக்குமாடி முகவரியில 05னு இருந்தா தரையையும் சேர்த்து அஞ்சாவது. நம்ம ஊர்ல இருந்து போறவங்க நாலு மாடி ஏறினா போதும்.

ஒத்திகை நாள் வந்துச்சு. அலாரம் அடிச்சது, அஞ்சாவது மாடியில இருந்து நாங்க இறங்கினோம். முதல் மாடி வந்ததும் சுவத்துல 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'னு போர்டு. முன்னாடி போனவங்க நின்னுட்டாங்க, கதவைத் தள்றாங்க. அது ஸ்டோர் ரூம், பூட்டியிருக்கு. மேல இருந்து ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. படிக்கட்டே அடைச்சுப் போச்சு. நெஜமாவே புகை வந்திருந்தா இந்தப் பதிவை எழுத நான் இருந்திருப்பேனான்னு தெரியலை.

கீழ இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. "சார், நாட் இன் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்! கோ டு டவுன்! கிரவுண்டு, கிரவுண்டு!"

யார்னு சொல்லணுமா?

ரெண்டு தப்பு அந்த வாக்கியத்துல. இருந்தும் நூறு பேர் சரியா வெளிய வந்தோம்.

இங்கிலீஷ் காவலர்களே, உங்களோட என் சண்டை இதுதான். 'இன்' போட்டா யாரும் வழி தவறிப் போறதில்லை. எண் மாறினா போவாங்க. நீங்க முதல்ல திருத்தவேண்டியதை விட்டுட்டு, அப்புறமா திருத்தலாம்ங்கறதை எடுத்து வச்சுக்கிட்டு சிரிக்கறீங்க. ஏன்னா அதுல சிரிக்கறது சுலபம். செக்யூரிட்டியைப் பார்த்து சிரிக்கலாம், தலைமை ஆபீஸ் நோட்டீஸைப் பார்த்து சிரிக்க முடியாதே!

இதோட முடியலை. 'ஸ்டோரி'ன்னு இன்னொன்னு. பிரிட்டிஷ் எழுத்துல ஒரு 'இ' கூட வரும். அமெரிக்கன் எழுத்துல கதைக்கும் மாடிக்கும் ஒரே வார்த்தை. இருக்கற இடத்தைச் சொல்ல ஃப்ளோர், கட்டிடம் எவ்வளவு உயரம்னு சொல்ல ஸ்டோரி. 'எ டூ ஸ்டோரி ஹவுஸ்'னு ஒருமையிலதான் வரும். ஆனா ஒருமை பன்மையை விட பெரிய வில்லங்கம் ஒன்னு இருக்கு. ஸ்டோரி எண்ணும்போது தரையும் சேர்த்தி. நாம 'ஒரு மாடி வீடு'ன்னா கீழ ஒன்னு, மேல ஒன்னு. அது இங்கிலீஷ்ல 'டூ ஸ்டோரி'. அதை அப்படியே 'சிங்கிள் ஸ்டோரி'ன்னு மொழிபெயர்த்தா மாடியே இல்லாத வீடாயிடும்! ஒரு சிறுகதை மொழிபெயர்ப்புல நாயகி அப்படிப்பட்ட வீட்டு மாடியில நின்னு கையசைச்சதைப் படிச்சிருக்கேன். எங்க நின்னாளோ பாவம். நம்ம அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடம், 1959ல திறந்தது, அதையே 14 மாடின்னும் எழுதறாங்க, 15 மாடின்னும் எழுதறாங்க. தரையைச் சேர்த்தாங்களா இல்லையான்னு ஒருத்தரும் சொல்றதில்லை.

நான் இப்பல்லாம் வெளிநாட்டு ஆளுங்களுக்கு முகவரி சொன்னா, 'தேர்டு ஃப்ளோர்'னு சொல்லிட்டு, தெருவுல இருந்து மூணு மாடி ஏறணும்னு சேர்த்தே சொல்லிடறேன். தங்கமணி சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

அந்த நோட்டீஸ் என்னாச்சுன்னு கேட்பீங்க. ரெண்டு மெயில் போட்டேன். நான் வேலையை விட்ட அன்னிக்கும் அதே இடத்துல, அதே 'ஆன்'னோட ஒட்டியிருந்துச்சு. செக்யூரிட்டி அண்ணன் மட்டும் அதுக்குக் கீழ பேனாவால பெருசா 'ஜி'ன்னு எழுதி ஒரு அம்புக்குறி போட்டு வச்சிருந்தார்.

உங்க ஆபீஸ் லிஃப்ட்ல ஆகக் கீழ பட்டன் என்ன... ஜியா, சைபரா, ஒன்னா?