அசையாதே என்றவர் அசையச் சொல்கிறார்

போட்டோப் பிடிப்பவர் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது, "கொஞ்சம் அசையாமல் இருங்கள்!" என்னும் ஆக்ஞைதான். கல்யாண மாப்பிள்ளையாயிருந்தாலும் சரி, பள்ளிக்கூடத்து வருஷாந்தரப் படத்துக்கு நடுநாயகமாக வந்து அமர்ந்த தலைமை ஆசிரியராயிருந்தாலும் சரி, அந்த ஒரு கணத்துக்கு அவர் சொன்னபடி கேட்டே தீர வேண்டும். அப்பேர்ப்பட்டவர் இப்போது அதே காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு, "நடந்து வாருங்கள், பேசுங்கள், சிரியுங்கள்" என்கிறார். இந்த மனமாற்றம் உண்டான கதை ரஸமானது.

2008-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நிக்கான் கம்பெனியார் டி90 என்ற போட்டோக் காமிராவில் வீடியோ எடுக்கும் வசதியையும் சேர்த்து வெளியிட்டார்கள். அடுத்த மாதமே கானன் கம்பெனியாரின் 5டி மார்க் 2 வந்தது. பத்திரிகைப் படக்காரர்கள் அவசரத்துக்கு இரண்டொரு காட்சியை வீடியோவாகவும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்கு மேல் யாரும் அதிகமாக எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குப் படம் எடுத்துப் புகழ் பெற்ற வின்ஸெண்ட் லாபோரே, கடைக்கு வராத மாதிரிக் காமிரா ஒன்றை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கினார். கைப்பணத்தைச் செலவிட்டு, நியூயார்க் நகரின் இரவு வெளிச்சத்திலேயே 'ரெவரீ' என்னும் சிறு படத்தை எடுத்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு உலகத்துப் படக்காரர்களுக்கெல்லாம் இருப்புக் கொள்ளவில்லை. 2010 மே மாதத்தில் அமெரிக்காவின் 'ஹவுஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரு முழுப் பகுதியையே இந்தக் காமிராவைக் கொண்டு எடுத்தார்கள்.

இதன் சூட்சுமம் வேறொன்றுமில்லை. ஒளியை வாங்கிக்கொள்ளும் பரப்பு இக்காமிராவில் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. அக்காலத்தில் சாமானியர் வாங்கக்கூடிய வீடியோக் காமிராக்களிலோ அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பு பெரிதானால் மங்கிய வெளிச்சமும் போதும். முகம் தெளிவாயிருக்க, பின்புறம் பனிபோல் கரைந்து நிற்கும். சரித்திரத்தில் ஒரு வேடிக்கையையும் இங்கே கவனிக்கலாம். ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் என்பவர் ஸினிமாப் பிலிமைப் போட்டோவுக்குப் பயன்படுத்த எண்ணி, ஸினிமாவின் 18க்கு 24 அளவை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிரா அப்படிப் பிறந்ததுதான். ஸினிமா வீட்டிலிருந்து வந்த பெண், எண்பத்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்தகத்துக்குப் போயிருக்கிறாள்!

போன இடத்தில் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், காமிராவைச் சட்டென்று திருப்பினால் விளக்குக் கம்பங்களெல்லாம் சாய்ந்து காணும். சப்தம் சரியாகப் பதியாது. முதலில் வினாடிக்கு 30 படங்கள்தான் எடுக்க முடிந்தது. ஸினிமாவுக்குரிய 24 வந்தது 2010 மார்ச்சில். ஐரோப்பாவில் அரை மணிக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யும் காமிராவுக்குத் தனிச் சுங்க வரி என்றிருந்ததால், பல காமிராக்கள் 29 நிமிஷம் 59 வினாடியில் வாயை மூடிக்கொண்டன. சுங்க அதிகாரிகள் கலைக்குக் கால அளவு வகுத்தது அதுவே முதல் தடவையோ என்னவோ!

இவையெல்லாம் நாளடைவில் பெரும்பாலும் நிவர்த்தியாகிவிட்டன. நிவர்த்தியாகாதது ஒன்று உண்டு. பந்து வலைக்குள் பாய்வதைப் போட்டோவில் பிடிக்க வேண்டுமானால், ஷட்டர் ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குமேல் திறந்திருக்கலாகாது. திறந்தால் பந்து கோடாகிவிடும். வீடியோவுக்கோ ஐம்பதில் ஒரு பங்குதான் வழக்கம். ஒவ்வொரு படத்திலும் சிறிது கலக்கம் இருந்தால்தான், ஓட்டிப் பார்க்கும்போது அசைவு வழுக்கிக்கொண்டு செல்லும். கூர்மையாக எடுத்தால் வெட்டி வெட்டி ஓடும். ஆகவே, "வீடியோவாக எடுத்துவிட்டு வேண்டிய போட்டோவைப் பொறுக்கிக்கொள்ளலாமே" என்பவர் இரண்டில் ஒன்றைக் கெடுத்துக்கொள்கிறார். கண்ணின் பழக்கமும் அப்படியே. ஒருவர் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்கிறார். மற்றவர் அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைத் தொடுக்கிறார். இரண்டையும் கற்றவரை நாம் மனமாரப் பாராட்டுவோம். ஆனால் ஒரே வேளையில் ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்கும் முதலாளியைப் பாராட்ட நமக்கு மனம் வரவில்லை.

இது வீண் பயமன்று. 2013 மே 30-ந் தேதி சிக்காகோ ஸன்-டைம்ஸ் பத்திரிகை, வாசகர்கள் செய்தியுடன் வீடியோவை அதிகமாக விரும்புகிறார்கள் என்று காரணம் கூறி, தன் முழுநேரப் படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 1982-ல் புலிட்ஸர் பரிசு பெற்ற ஜான் ஒயிட்டும் அவர்களில் ஒருவர். நிருபர்களுக்குக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடாயிற்று. பிற்பாடு தொழிற்சங்கத்துடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திரும்ப வேலை கிடைத்தது நான்கு பேருக்கு.