கொழும்புக்குப் பஸ் ஏறுமுன் கணக்குப் பார்ப்போம்

தோழர்களே, பெற்றோர்களே, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளே,

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் நம் லயங்கள் நிறைகின்றன. நான்கு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள், இளைஞர்களைக் காணமுடியாது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்குகிறார்கள். துணிக்கடை, சாப்பாட்டுக் கடை, நகைக்கடை, பாக்டரி, கட்டட வேலை, வீட்டு வேலை என்று பிரிந்துபோகிறார்கள். திரும்பும்போது அவர்கள் கையில் புதுப் போன் இருக்கிறது. சேமலாப நிதிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டால் பலர் தலையைச் சொறிகிறார்கள்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று, "தோட்டத்தை விட்டுப் போகாதே, அப்பன் பாட்டன் இரத்தம் சிந்திய மண்" என்பது. இரண்டாவது, "எங்கேயாவது போய்ப் பிழைச்சுக்கோ, இங்கே என்ன இருக்கு" என்பது. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

முதல் பேச்சைப் பேசுகிறவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் மேடையில் நிற்பவர்கள், அல்லது துரைமார் பங்களாவில் இருப்பவர்கள். 1992இல் தோட்டங்களைக் கையேற்ற கம்பனிகள் "ஆள் இல்லை, ஆள் இல்லை" என்று அழுகின்றன. ஆள் ஏன் இல்லை? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வருவதற்கு எத்தனை வருடம் தெருவில் நின்றோம்? 2024இல் அது 1,350 ஆக உயர்வதற்கு எத்தனை வழக்கு, எத்தனை இழுபறி? கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், மழை பெய்தால் வேலை இல்லை, பேர் பதிந்த ஆள் இல்லையென்றால் காம்பராவுக்கே கேள்வி. இந்த நிலையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து "போகாதே" என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. போவது அவர்கள் உரிமை. 1948இல் குடியுரிமையைப் பறித்து, இந்த மலையைத் தவிர வேறெங்கும் காலூன்ற விடாமல் வைத்திருந்த சமூகம் நாம். அந்தச் சமூகத்தின் பிள்ளை நாட்டின் எந்த நகரத்திலும் வேலை தேடலாம். அதை யாரும் தடுக்கக் கூடாது.

ஆனால் இரண்டாவது பேச்சு அதைவிட ஆபத்தானது. "பிழைச்சுக்கோ" என்று சொல்லி அனுப்புவது பொறுப்பைக் கைகழுவுவதுதான். அந்த வார்த்தையை நம்பித்தான் புரோக்கர் நம் வாசலுக்கு வருகிறான். பண்டிகைக்கு முன் அட்வான்ஸ் என்று கொஞ்சம் காசைத் தாயின் கையில் வைக்கிறான். கடையின் பெயர் சொல்வதில்லை, முதலாளியின் முகவரி சொல்வதில்லை. "நல்ல இடம், சாப்பாடு, தங்குமிடம் ப்ரீ, மாசம் முப்பது" என்கிறான். அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை கடன்காரன். வேலை பிடிக்காவிட்டாலும் திரும்ப முடியாது. இப்படிப் போவதை இடம்பெயர்வு என்று சொல்லாதீர்கள். இது ஆளை அடகு வைப்பது.

அந்த "முப்பது" என்ற கணக்கை எடுத்துப் பார்ப்போம். நாங்கள் வகுப்பில் சா.த. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக்காட்டும் கணக்குத்தான் இது.

கடை காலை 7 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறது என்று வைப்போம். சாப்பாட்டுக்கு ஒரு மணி கழித்தால் 13 மணி நேர வேலை. மாதம் 26 நாள். மொத்தம் 338 மணி நேரம். 30,000 ரூபாவை 338ஆல் வகுத்தால் மணிக்கு 89 ரூபா கூட வராது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. அது சொல்வது நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் மணிக்கு 125 ரூபா. ஒன்றரை மடங்கு 187 ரூபா 50 சதம். நாளுக்கு 5 மணி நேரம் மேலதிகம் என்றால் மாதத்துக்கு 130 மணி நேரம். அதற்குச் சேர வேண்டியது 24,375 ரூபா. வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மேலதிக வேலை வாங்குவதே சட்டப்படி தவறு என்பது வேறு கதை. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு, வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆக, "சாப்பாடு ப்ரீ" என்று சொல்லும் முதலாளி மாதாமாதம் அந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்வது எவ்வளவு என்று பாருங்கள். அந்த ப்ரீ சாப்பாட்டுக்குப் பிள்ளை கொடுக்கும் விலை 24,000 ரூபாவுக்கு மேல்.

இன்னொரு கணக்கு. பாக்டரியில் 40,000 என்கிறார்கள், தங்குமிடம் நம் செலவு. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 36,800. அறையில் நான்கு பேராகத் தங்கித் தலைக்கு 8,000 என்றால் மிச்சம் 28,800. சாப்பாட்டுக்கு நாளுக்கு 600 என்று சிக்கனமாகப் போட்டாலும் மாதம் 18,000, மிச்சம் 10,800. பஸ், போன், சவர்க்காரம், மருந்து என்று 5,000. கையில் நிற்பது 5,800. வீட்டுக்கு வந்துபோகும் பஸ் காசு இதற்குள்தான். 2024இல் வந்த 1,350 ரூபாப்படி தோட்டத்தில் 20 நாள் வேலை கிடைத்திருந்தால் 27,000, சேமலாப நிதி போக 24,840. "நாற்பது பெரிசு, இருபத்தேழு சின்னது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகலாம். காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும். இடத்துக்கு இடம் தொகை மாறும். உங்கள் தொகையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் போகவே வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. அதே பாக்டரியில் தையல் இயந்திரம் திருத்தத் தெரிந்தவனுக்கு, மின்சார வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வைத்திருப்பவளுக்கு, கணினியில் கணக்குப் பதியத் தெரிந்த பிள்ளைக்கு வேறு கணக்கு. மூட்டை தூக்கப் போனவன் பத்து வருடம் கழித்தும் மூட்டைதான் தூக்குகிறான். இடுப்பு மட்டும் போய்விடுகிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் வகுப்புகள் மலையகத்திலும் நடக்கின்றன. ஆறு மாதம், ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க வீட்டில் காசில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் பயிற்சிக் காலக் கொடுப்பனவையும் பஸ் கட்டணத்தையும் அரசிடம் கேட்க வேண்டும் என்கிறோம். சம்பளக் கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்காத சங்கம் நாளைய தொழிலாளியை மறந்த சங்கம்.

பாதுகாப்பைப் பற்றியும் பேச வேண்டும். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். நாடே பேசியது. நாமும் கறுப்புக் கொடி பிடித்தோம். அதற்குப் பிறகும் பாடசாலை இடாப்பில் சில பெயர்களுக்கு நேரே தொடர்ந்து வரவில்லை என்றே குறிக்கிறோம். வீட்டுக்குப் போய்க் கேட்டால் "சித்தி வீட்டுக்குப் போயிருக்கு" என்கிறார்கள். சித்தி வீடு எங்கே என்றால் பதில் இல்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் 16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். தாய் தகப்பன் சம்மதித்தார்கள் என்பதால் அது குற்றமில்லாமல் போகாது. வீட்டு வேலை மதிலுக்குள் நடக்கும் வேலை. அங்கே சக தொழிலாளி இல்லை, சாட்சி இல்லை, பெரட்டில் நின்று குரல் கொடுக்கத் தலைவர் இல்லை. வறுமை கொடியது என்று தெரிந்துதான் சொல்கிறோம்: படிக்கும் வயதுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். அனுப்பச் சொல்லி வருபவன் யாராக இருந்தாலும், நம் சங்கத்துக்காரனாகவே இருந்தாலும், 1929க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

நகரத்தில் தமிழனாக இருப்பதும் ஒரு பாதுகாப்புக் கேள்விதான். 1983 ஜூலையைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அதை நிறுத்தியது. இன்று அந்த நிலை இல்லை. ஆனாலும் அடையாள அட்டை இல்லாமல், பேசுவது விளங்காமல், தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் பொலிஸ் நிலையத்தில் நிற்கும் பிள்ளைக்கு எல்லாக் காலமும் ஒன்றுதான். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களத்தில் நான்கு வார்த்தை பேசப் பழகிக்கொள்ளுங்கள். அது யாருக்கும் அடிபணிவதில்லை, நம் கைக்கு ஓர் ஆயுதம்.

ஆகவே, பஸ் ஏறுமுன் இவற்றை முடித்துவிட்டு ஏறுங்கள்.

கடையின் பெயர், முகவரி, முதலாளியின் தொலைபேசி இலக்கம் மூன்றும் வீட்டில் எழுதி இருக்க வேண்டும். ஏற்கனவே அங்கே வேலை செய்யும் ஒருவரோடு நேரில் பேசியிருக்க வேண்டும். புரோக்கர் காட்டும் ஆளோடு பேசுவது போதாது.

நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளம், வேலை நேரம், லீவு அதில் இருக்க வேண்டும். சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தை முதல் மாதமே கேளுங்கள். உங்கள் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் அவர் தனியாகப் போட வேண்டும், உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது.

அடையாள அட்டையையும் சான்றிதழ்களையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். பார்க்கக் காட்டுங்கள், பிரதி கொடுங்கள். அசல் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தங்குமிடத்தை வேலையை ஒத்துக்கொள்ளுமுன் பாருங்கள். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவு வேலை முடிந்து எப்படித் திரும்புவது, பெண்பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடம் உண்டா என்று கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை. பெண்களுக்கு 1938, அவசரமென்றால் 119. இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முதல் மாதச் சம்பளம் வரும்வரை சாப்பிடவும், திரும்பி வர வேண்டுமென்றால் பஸ் ஏறவும் காசு கையில் இருக்க வேண்டும். திரும்பி வரக் காசு இல்லாதவன் எந்த அநியாயத்துக்கும் தலையாட்டுவான். அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

"இப்படியெல்லாம் கேட்டால் வேலை தரமாட்டார்கள்" என்று சொல்வீர்கள். ஒருவர் கேட்டால் தரமாட்டார்கள், உண்மை. அன்று தோட்டத்தில் ஒருவர் கேட்டாலும் பத்துச்சீட்டுத்தான் கிடைத்தது. பெரட்டுக் களத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்டபோதுதான் துரை இறங்கி வந்தார். இதே வழி நகரத்திலும் இருக்கிறது. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். வேலையை விட்டு நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம். சம்பளப் பாக்கிக்கும் சேமலாப நிதிக்கும் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ஹட்டனிலும் தொழில் காரியாலயம் இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் நம் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள், கூட வருகிறோம்.

கடைசியாக நம் தலைமைக்கு ஒரு வார்த்தை. செக்ரோலில் பேர் இருக்கும்வரை சந்தா வாங்குகிறோம். அதே தொழிலாளியின் மகன் புறக்கோட்டையில் மூட்டை தூக்கினால் அவன் நம் ஆள் இல்லையா? மலையகத் தொழிலாளி இன்று மலையகத்தில் மட்டும் இல்லை. சங்கமும் இங்கே மட்டும் இருந்தால் போதாது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கட்டுநாயக்காவிலும் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி நேரம் ஒரு மேசை போட்டு உட்கார ஆள் வேண்டும். தோட்டத்துக்கு ஒரு கொப்பி வேண்டும்: யார் போனார்கள், எங்கே போனார்கள், எந்த இலக்கத்தில் பிடிக்கலாம் என்று. அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, கொப்பியை இந்த மாதமே தொடங்குங்கள்; தீர்மானம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.